கடுகண்ணாவை ஏற்றமும் அமுக்கமானியின் முள்ளும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே, மாவனல்லையைக் கடந்ததும் நிலத்தின் தோற்றம் மாறத் தொடங்குகின்றது. தென்னந் தோப்புகளும் வயல்களும் பின்னே நிற்க, தெரு மலையைச் சுற்றிச் சுற்றி மேலேறுகின்றது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறு பக்கம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. எதிரே அலகல்லை மலையும் பைபிள் மலையும். இந்த ஏற்றத்தின் உச்சியிலே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1700 அடி உயரத்தில் அமைந்திருப்பது கடுகண்ணாவை. கண்டி நாட்டின் மேற்கு வாயில் இது. இவ்வாயிலுக்குள் புக விரும்பிய ஒவ்வொரு காலத்தவரும், தம் காலத்துக்குரிய ஆற்றலைக் கொண்டு இம்மலையோடு போராடியே புகுந்தனர்.

மனிதத் தோள், எருதின் கழுத்து, நீராவி, பெற்றோல், டீசல் என அவ்வாற்றல் வளர்ந்து வந்த கதை பலரும் அறிந்ததே. ஆயின், ஆற்றல் வளர வளர அதனை அளந்து காட்டும் கருவியும் வளர வேண்டியிருந்தது என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். புகையிரத இயந்திரச் சாரதியின் கண்ணெதிரே ஆடிய முள்ளும், பின்னாளில் பந்தய மோட்டார் வண்டியிலே பூட்டப்பட்ட ‘பூஸ்ட் கேஜ்’ என்னும் அமுக்கமானியின் முள்ளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அக்குலத்தின் வரலாற்றைக் கூறுவதற்குக் கடுகண்ணாவையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது 1815ஆம் ஆண்டில். அடுத்த மூன்றாண்டுகளுக்குள், 1817இலும் 1818இலும், மலைநாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை அடக்கிய பின்னர், படைகள் விரைந்து செல்வதற்கு ஒரு நல்ல தெரு இன்றியமையாதது என ஆட்சியாளர் உணர்ந்தனர். சேர் எட்வேட் பார்ண்ஸ் என்னும் தேசாதிபதி அப்பணியிற் பேரூக்கம் காட்டினார். றோயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் டோசன் தெருவமைக்கும் பொறுப்பை ஏற்றார். கடுகண்ணாவையிலே வழியை மறித்து நின்ற பாறையைத் துளைத்து, வண்டி செல்லக்கூடிய குடைவு ஒன்றை அமைத்தனர். இன்றைய தெரு அதனருகே விலகிச் செல்கின்ற போதிலும், அக்குடைவு இன்றும் வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரிகின்றது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடிபணியும் என்றொரு பழமொழி மலைநாட்டில் வழங்கியதாகவும், அதனை மெய்ப்பிக்கவே பாறை துளைக்கப்பட்டதாகவும் சொல்வர். கண்டி வீழ்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே பாறை துளைக்கப்பட்டது என்பதையும் வரலாறு கற்போர் மறத்தல் ஆகாது.

டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பெற்ற உயர்ந்த வெண்கோபுரம் கடுகண்ணாவைத் தெருவோரத்தில் நிற்கின்றது. ஆனால் அப்பாறையை உடைத்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியமுறையின்படி ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்ட குடிமக்களே அத்தெருவை வெட்டினர். கோல்புறூக், கமறன் ஆகியோரின் விசாரணைக்குப் பின்னர், 1830களின் தொடக்கத்திலேயே அம்முறை ஒழிந்தது. ஒரு மனிதனுடைய உடல் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று காட்டும் முள் எதுவும் அக்காலக் கங்காணிகளின் கையில் இருக்கவில்லை. உழைப்பவன் கீழே விழும்போதுதான் அளவு கடந்தது தெரிந்தது.

தெரு அமைந்ததும் 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. கோப்பிப் பயிர் மலைநாட்டிற் பரவியதும் மாட்டு வண்டிகள் நிரை நிரையாக இக்கணவாயில் ஏறி இறங்கின. கோப்பி மூட்டைகள் கொழும்புத் துறைமுகத்தை அடைவதற்குப் பல நாட்கள் சென்றன. எருதுகள் நோயுற்று வழியிலே மாண்டன. தோட்ட முதலாளிகள் புகையிரதம் வேண்டுமென்று விடாது குரலெழுப்பியமைக்குக் காரணம் இதுவே.

1858இல் புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டப்பட்டது. 1864 டிசெம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. இடையிலே நின்ற பெருந்தடை கடுகண்ணாவை ஏற்றமே. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை, ஏறக்குறையப் பன்னிரண்டு மைல் தூரத்தில், சுமார் 1400 அடி உயரம் ஏற வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏறும் சரிவு அது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும் பாதைக்கு இஃது மிகக் கடுமையான சரிவாகும். கில்போர்ட் மோல்ஸ்வேத் என்னும் பொறியியலாளர் இப்பணியில் முதன்மை பெற்றார். பேவியல் என்பவர் ஒப்பந்தகாரராக நின்று பாதையை அமைத்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக இப்பணியில் ஈடுபட்டனர். செங்குத்துப் பாறையின் விலாவிலே பாதை வெட்டிய அவர்களை, காய்ச்சலும் கழிச்சல் நோயும் வாட்டின.

இவ்வாறு அமைந்த பாதையிலே நீராவி இயந்திரம் ஏறத் தொடங்கியபோது, முதன்முறையாக ஓர் அளவுகருவியின் துணையோடு கடுகண்ணாவை ஏற்றம் ஏறப்பட்டது. அக்கருவியின் பெருமையை உணர வேண்டுமானால், அமுக்கம் என்பதை மனிதன் அளக்கக் கற்றது எவ்வாறு என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

காற்றுக்கு எடை உண்டு என்பது நெடுங்காலம் எவருக்கும் புலப்படவில்லை. 1640களில் இத்தாலிய அறிஞர் தொறிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் இரசத்தை நிரப்பித் தலைகீழாக நிறுத்தி, வெளிக்காற்றின் அமுக்கமே அவ்விரசத்தைச் சுமார் முப்பது அங்குல உயரத்தில் தாங்கி நிற்கின்றது எனக் காட்டினார். காற்றே தாங்குகின்றதென்றால், மலையுச்சியில் மேலேயுள்ள காற்றுக் குறைவாதலின் இரசமும் தாழ வேண்டுமன்றோ? பிரான்சு நாட்டுப் பஸ்கால் இவ்வினாவை எழுப்பினார். 1648 செப்டெம்பர் 19ஆம் நாள் அவருடைய மைத்துனர் பெறியே, பூயி த டோம் என்னும் மலையில் அக்குழாயை ஏற்றிச் சென்றார். அடிவாரத்திலிருந்து உச்சியை அடைவதற்குள் இரசம் மூன்று அங்குலமளவு தாழ்ந்தது. இக்கணக்கின்படி, கொழும்புக் கடற்கரையில் 29.9 அங்குலம் நிற்கும் இரசம் கடுகண்ணாவையில் ஏறக்குறைய 28 அங்குலமே நிற்கும். நுவரெலியாவிலே 24 அங்குலத்துக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். ஆயிரம் அடிக்கு ஓரங்குலம் என்பது நினைவிற் கொள்ளத்தக்க எளிய கணக்கு.

காற்றின் அமுக்கத்தை அளக்க இரசக் குழாய் போதும். கொதிகலனிலுள்ள நீராவியின் அமுக்கமோ அதனிலும் பன்மடங்கு. அதனை இரசத்தால் அளக்க வேண்டுமானால் மிக நீண்ட குழாய் வேண்டும்; ஓடும் இயந்திரத்தில் அதனைக் கொண்டு செல்லுதல் இயலாது. ஆதலின் தொடக்ககாலச் சாரதிகள் விற்றராசுகளையும் பாதுகாப்பு வாயில்களையும் நம்பியிருந்தனர். இன்னும் கொஞ்சம் வலிமை வேண்டுமென்று பாதுகாப்பு வாயிலை இறுக்கிக் கட்டியவர்களும் உண்டு. கொதிகலன்கள் வெடித்து மாண்டோர் தொகை மேனாடுகளில் ஆண்டுதோறும் பெருகியது.

இக்குறையைத் தீர்த்தவர் பாரிசு நகரத்து எஞ்சினியர் இயூஜீன் பூர்டன். 1849இல் அவர் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். திருவிழாக் கடைகளில் விற்கும் காகித ஊதுகுழலைக் குழந்தைகள் அறிவர். வாயில் வைத்து ஊதினால் சுருள் விரியும், விட்டால் மீண்டும் சுருளும். பூர்டன் கண்ட உண்மையும் இதுவே. தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாய் ஒன்றின் ஒரு முனையை மூடி, மறு முனை வழியாக அமுக்கத்தைச் செலுத்தினால், குழாய் சிறிதே நிமிர முயலும். அச்சிறு அசைவைப் பற்சக்கரங்களாற் பெருக்கி, ஒரு முள்ளை வட்டத் தகட்டின்மீது சுழலச் செய்தார். உள்ளங்கையளவு கருவி ஒன்று, கொதிகலனுக்குள்ளே நடப்பதை வெளியே நிற்பவனுக்குச் சொல்லத் தொடங்கியது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. உலகத்துப் புகையிரத இயந்திரங்கள் பலவற்றில் அது இடம் பெற்றது.

கடுகண்ணாவை ஏற்றத்தில் இயந்திரச் சாரதி இரண்டு கருவிகளை இமை கொட்டாது நோக்க வேண்டியிருந்தது. ஒன்று அமுக்கமானி, மற்றது கொதிகலனின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். நீராவி குறைந்தால் வண்டி நடுச்சரிவில் நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளும் துணை இயந்திரமும் தனித்துச் சுமையைத் தாங்கமாட்டாது. நீர்மட்டத்தில் மற்றோர் இடர் மறைந்திருந்தது. புகைபோக்கி முன்னே இருக்க இயந்திரம் மேலேறும்போது, கொதிகலனில் உள்ள நீர் பின்புறமாக, நெருப்பறையின் மேலே திரண்டு நிற்கும். கண்ணாடிக் குழாய் நிறைவாகத் தோன்றும். உச்சியைத் தாண்டிப் பேராதனைப் பக்கம் பாதை சரியத் தொடங்கியதும் நீர் முன்னே பாயும். நெருப்பறையின் கூரைத் தகடு நீரின்றி வெறுமையாகிச் சிவக்கும். ஏறும்போது நிறைவாகத் தெரிந்ததை நம்பிய சாரதிக்கு இறங்கும்போது ஆபத்து. அதனாலேயே அனுபவமுள்ள சாரதிகள் உச்சியை நெருங்கு முன்னரே நீரைக் கூடுதலாக ஏற்றிக்கொள்வர்.

கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அக்காலத்திலேயே ஒரு கொடிய சான்று உண்டு. 1865 ஏப்ரில் 27ஆம் நாள், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றிலே ‘சுல்தானா’ என்னும் நீராவிக் கப்பலின் கொதிகலன்கள் வெடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த போர்வீரர். பழுதுற்ற கொதிகலனை முறையாகத் திருத்தாமல், அவசரமாக ஒட்டுப்போட்டே கப்பலை ஓட்டினர். முள் அமுக்கத்தைத்தான் சொல்லும். தகட்டின் வலிமையைச் சொல்லாது. அதனை அறிய வேண்டியவன் மனிதனே.

நீராவியின் காலம் கழிந்து பெற்றோல் எஞ்சினின் காலம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் கடுகண்ணாவையில் ஏறத் தொடங்கியபோது, மலை அவற்றுக்கு வேறொரு வகையில் இடையூறு செய்தது. பெற்றோல் எஞ்சின் காற்றை உண்டு வாழ்வது. கொழும்பிலே சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தலாக இருக்கும் காற்றமுக்கம், கடுகண்ணாவையில் 13.8 ஆகவும், நுவரெலியாவில் 11.7 ஆகவும் குறைகின்றது. மலை ஏறுவதற்கு வலிமை மிகுதியாக வேண்டிய இடத்திலேயே எஞ்சினுக்கு உணவு குறைகின்றது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு வலிமை இழக்கப்படும். கடுகண்ணாவையில் இவ்விழப்புச் சிறிது. நுவரெலியாவிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு அண்மையாகிவிடும்.

இதற்கு மருந்து கொல்லனின் பட்டறையிலே நெடுங்காலமாக இருந்தது. துருத்தி ஊதினால் உலை கனல்கின்றது. எஞ்சினுக்கும் துருத்தி ஒன்று ஊதினால் என்ன? அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கொனர்ஸ்வில் ஊரினரான பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்னும் சகோதரர் இருவர், 1860இல் ஓர் ஊதுபொறிக்குக் காப்புரிமை பெற்றனர். எட்டு என்ற இலக்கம் போன்ற வடிவுடைய இரண்டு உருளிகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றைத் தள்ளும் பொறி அது. இரும்பு உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அது காற்றூதியது. 1885இல் ஜெர்மானியர் கொட்லீப் டேம்லர், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கிச் செலுத்தும் கருத்தைத் தம் காப்புரிமையில் எழுதி வைத்தார். ஆயினும் அது நிறைவேற மேலும் ஒரு தலைமுறை சென்றது. ‘சூப்பர்சார்ஜர்’ என்று பெயர் பெற்ற இப்பொறியை, எஞ்சினுக்குப் பூட்டிய துருத்தி என்று கூறினால் எவருக்கும் விளங்கும்.

மலைக்கும் இத்துருத்திக்கும் உள்ள உறவை நேரிற் காட்டியவர் சான்போர்ட் மொஸ் என்னும் அமெரிக்க எஞ்சினியர். அவர் கையாண்ட ஊதுபொறி, எஞ்சினின் கழிவாவியாற் சுழல்வது. இன்று ‘டர்போ’ என வழங்குவது. 1918இல், 14,109 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு லிபேட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றிச் சென்று ஓட்டிப் பார்த்தார். தாழ்நிலத்தில் 350 குதிரைத்திறன் தந்த அவ்வெஞ்சின், மலையுச்சியில் 230 மட்டுமே தந்தது. ஊதுபொறியைப் பூட்டியதும் 356 ஆக உயர்ந்தது. பஸ்காலின் மலைச் சோதனைக்கு 270 ஆண்டுகளின் பின்னர், இழந்த காற்றை மனிதன் மீட்டுக் கொண்டான்.

விமானத்தில் வென்ற பொறி வீதிக்கு இறங்கியது. 1921இல் பேர்லின் மோட்டார்க் காட்சியில் மேர்சிடிஸ் நிறுவனம் சூப்பர்சார்ஜர் பூட்டிய வண்டிகளை வைத்தது. சாரதி மிதியை முற்றாக அழுத்தினால் மட்டும் ஊதுபொறி இணைந்து ஓலமிடும். 1923இல் மொன்சாவில் சலமானோ ஓட்டிய பியட் வண்டி, இத்தகைய பொறியுடன் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றது. ஆங்கில நாட்டில் சேர் ஹென்றி பேர்க்கின் 1929இல் பென்ட்லி வண்டிக்கு ஊதுபொறி பூட்டினார். நான்கரை லீற்றர் எஞ்சின் முன்னர் 110 குதிரைத்திறன் தந்தது. பந்தய வடிவில் 240 தந்தது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி இவ்வேற்பாட்டை விரும்பவில்லை. 1930இன் லே மான் பந்தயத்தில் பேர்க்கினின் வண்டி மேர்சிடிஸ் வண்டியை விரட்டிச் சென்றது. ஈற்றில் இரண்டும் பழுதுற்று விலகின. ஊதுபொறி பூட்டாத, அளவோடு ஓடிய வேறொரு பென்ட்லி வண்டியே வெற்றி பெற்றது.

ஆற்றலைப் பெருக்குவது எளிது. அதன் எல்லையை அறிவதே அரிது. சிலிண்டருக்குள் காற்றை அளவுக்கு மிஞ்சித் திணித்தால், பெற்றோல் கலவை சீராக எரியாமல் வெடித்துத் தட்டும். வெப்பம் ஏறும், பிஸ்டனின் தலை உருகித் துளைபடும். எல்லைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றோம் என்பதைச் சாரதிக்குச் சொல்ல, கொதிகலனைக் காத்த பூர்டனின் கருவியே மீண்டும் வந்தது.

இக்கருவியின் அருமையை விமானிகள் முன்னரே உணர்ந்திருந்தனர். 1940இல் பிரித்தானிய வான்படை, உயர்ந்த தரப் பெற்றோலைப் பெற்றதன் பின்னர், மேர்லின் எஞ்சினின் ஊட்ட அமுக்கத்தை இக்கட்டான வேளைகளில் ஆறேகால் இறாத்தலிலிருந்து பன்னிரண்டு இறாத்தலுக்கு உயர்த்த விமானிகளை அனுமதித்தது. இலங்கையும் அம்முள்ளோடு தொடர்பற்றதன்று. 1942 ஏப்ரில் 5ஆம் நாள், ஈஸ்ரர் ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் மேலெழுந்த ஹரிக்கேன் விமானங்களில் ஓடியவை மேர்லின் எஞ்சின்களே. ஒவ்வொரு விமானியின் முன்னும் ஓர் ஊட்ட அமுக்கமானி இருந்தது. பகைவன் பின்தொடரும் வேளையிலும் அம்முள் காட்டும் எல்லையை அவன் மறக்க முடியாது. மறந்தால் பகைவனுக்கு முன் எஞ்சினே அவனைக் கொன்றுவிடும்.

போரின் பின்னர், விளையாட்டு வண்டிகளை விரும்பிய இளைஞர் எம்.ஜி. போன்ற சிறு வண்டிகளுக்கு ஊதுபொறி வாங்கிப் பூட்டுவது பரவியது. சுமார் ஆறு இறாத்தல் அமுக்கம் அவற்றுக்குப் பொருத்தமென்பர். இலங்கையிலும் மலையேற்றப் பந்தயம் புதிதன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை ஏற்றத்தில் 1934 முதல் பந்தயம் நடைபெற்று வந்துள்ளது. ஊதுபொறி பூட்டிய வண்டியை மலைநாட்டில் ஓட்டுவோன், அமுக்கமானியை முறையாகப் பூட்டவும் அதன் மொழியைப் படிக்கவும் அறிந்திருத்தல் வேண்டும்.

பூட்டும் முறை கடினமானதன்று, பொறுமை வேண்டுவது. எஞ்சின் குளிர்ந்திருக்க, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பின்னரே வேலையைத் தொடங்குதல் நலம். அமுக்கத்தை எடுக்க வேண்டிய இடம், ஊதுபொறிக்கும் எஞ்சினின் உள்வாயில்களுக்கும் இடைப்பட்ட குழாய். ஊதுபொறிக்கு முன்னே எடுத்தால் முள் உண்மையைச் சொல்லாது. அவ்விடத்தில் ஏற்கனவே சிறுகுழாய் ஒன்று செல்லுமாயின், மும்முனை இணைப்பொன்றை இடையிற் பொருத்தலாம். அங்கிருந்து மெல்லிய குழாயை, வெப்பமான புகைக்குழாயையும் சுழலும் பட்டிகளையும் தொடாதவாறு கொண்டு சென்று, எஞ்சினுக்கும் சாரதிக்கும் இடையேயுள்ள தகட்டைத் துளைத்து உள்ளே இழுக்க வேண்டும். துளையின் கூரிய விளிம்பு குழாயை அறுக்காதபடி இறப்பர் வளையம் இடுதல் அவசியம். பழைய வண்டிகளிலே பெற்றோல் கலந்த காற்றே ஊதுபொறியினூடாக வருவதால், அக்குழாயிலும் பெற்றோலாவி நிற்கும். குழாய் கசிந்தால் சாரதியின் முழங்காலருகே தீப்பிடிக்கும். ஆதலின் நல்ல உலோகக் குழாயும் இறுகிய இணைப்பும் வேண்டும். உள்ளே படியும் பெற்றோல் எஞ்சின் பக்கமாகவே வடிந்துவிடும்படி குழாய் மேல்நோக்கி ஏறிச் செல்ல வேண்டும். கருவியைத் தெருவிலிருந்து கண்ணை நெடுநேரம் எடுக்காமற் பார்க்கக்கூடிய இடத்திற் பொருத்த வேண்டும்.

இனி முள் பேசும் மொழி. எஞ்சின் ஓய்வாக ஓடும்போது உள்வாயிலில் வெற்றிடம் உண்டாதலின், முள் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும்; நல்ல எஞ்சினாயின் கடற்கரையூரிற் சுமார் 18 அங்குல இரச அளவைக் காட்டும். மிதியை அழுத்த அழுத்த முள் பூச்சியத்தைக் கடந்து ஊட்டப் பக்கம் ஏறும். கொழும்பில் ஆறு இறாத்தல் காட்டிய வண்டி, அதே வேகத்தில் கடுகண்ணாவை உச்சியில் ஐந்தரைக்குச் சற்று மேலும், நுவரெலியாவில் ஐந்துக்குச் சற்றுக் கீழுமே காட்டும். ஊதுபொறி கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. அது காற்றைப் பெருக்கும் விகிதம் மாறவில்லை. பெருக்குவதற்குக் கிடைத்த காற்றே குறைந்தது. பிரித்தானிய விமானக் கருவியின் பூச்சியம் கடல்மட்டக் காற்றை அளவாகக் கொண்டது. மோட்டார் வண்டிக் கருவியின் பூச்சியமோ அவ்வவ்வூர்க் காற்றையே அளவாகக் கொள்வது. இதனை அறியாதவன், குறைந்த முள்ளைக் கண்டு பட்டிச் சக்கரத்தை மாற்றி ஊதுபொறியை விரைவுபடுத்துவான். மலையிறங்கிக் கொழும்பை அடைந்ததும் எஞ்சினை இழப்பான். இவ்வகை விளக்கமின்றி, சமவெளியிலேயே முள் வழக்கத்துக்குக் கீழே நின்றால், பட்டி வழுக்குகின்றது அல்லது எங்கோ காற்றுக் கசிகின்றது எனலாம். வழக்கத்துக்கு மேலே ஏறினால் மகிழ்தல் தகாது. உள்ளே செல்ல வேண்டிய காற்று வழியடைபட்டு நிற்பதாலும் அமுக்கம் உயரும். மிகுந்த அமுக்கம் எப்போதும் மிகுந்த வலிமை ஆகாது.

ரூட்ஸ் சகோதரர் கண்ட அவ்வூதுபொறி வேறொரு கோலத்திலும் கடுகண்ணாவையில் ஏறியுள்ளது. 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு இலங்கைக்கு டீசல் இயந்திரங்களை வழங்கியது. கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கிய அவை, இலங்கைப் புகையிரதப் பகுதியில் எம் இரண்டு வகுப்பு எனப் பெயர் பெற்றன. அவற்றின் இரண்டடிப்பு எஞ்சின்கள் சிலிண்டரைக் கழுவிப் புதுக்காற்று நிரப்புவதற்கு ரூட்ஸ் வகை ஊதுபொறியையே கொண்டிருந்தன. நீராவி ஏறிய அதே சரிவில் அவை நெடுங்காலம் உழைத்தன. இன்று கணவாயிலேறும் பஸ் வண்டிகள், லொறிகள் பலவற்றிலும், மொஸ் மலையுச்சியிற் சோதித்த டர்போவின் வழித்தோன்றல்கள் சுழல்கின்றன.

இலங்கைப் புகையிரதத்தின் 150ஆம் ஆண்டு நிறைவில், 2014 டிசெம்பர் 27ஆம் நாள், கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்தருகே தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்களையும் பெட்டிகளையும் அங்கே காணலாம். பெருஞ் சக்கரங்களையும் புகைபோக்கியையும் வியந்து நோக்கும் மாணவர், இயந்திரத்தின் சாரதியறைக்குள் எட்டிப் பார்த்து, அங்குள்ள வட்டக் கருவிகளையும் ஒருகணம் உற்று நோக்குதல் நன்று. மேலேறும் ஆற்றலைச் சக்கரம் காட்டும். அவ்வாற்றலோடு மனிதர் உயிர் பிழைத்தமைக்குக் காரணத்தை அக்கருவிகளே காட்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது தமிழர் முதுமொழி. அளவறிதல் செல்வத்துக்கு மட்டும் உரியதன்று, வலிமைக்கும் உரியது. பாறை உடைத்த குடிமக்களின் காலத்திலும் பாதை வெட்டிய தொழிலாளரின் காலத்திலும், அவர்தம் உடல் தாங்கும் எல்லையை எவரும் அளந்து பார்க்கவில்லை. கொதிகலனுக்கு 1849இற் கிடைத்த முள், உழைப்பாளிக்குக் கிடைக்க வேலைநேரச் சட்டங்களும் மருத்துவ வசதிகளும் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரும்புக்கு ஓர் எல்லை உண்டென்பதை முதலில் ஏற்றுக்கொண்ட உலகம், மனிதனுக்கும் ஓர் எல்லை உண்டென்பதைப் பின்னரே ஏற்றுக்கொண்டது. கடுகண்ணாவை ஏற்றத்திற் செல்வோர், டோசனின் கோபுரத்தைக் கடக்கும்போது, கோபுரமில்லாத அம்மக்களையும் நினைத்தல் தகும்.